சின்னப் பிள்ளைக்குத் தனி போன் தேவையா? கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போன் வாங்கித் தருவது பற்றி நீங்கள் கேட்டவையும், எனக்குத் தெரிந்த பதில்களும்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், "எல்லாரிடமும் போன் இருக்கு" என்று அழுகிறாள். வாங்கித் தரலாமா?

வேண்டாம். அந்த "எல்லாரும்" யார் யார் என்று விசாரியுங்கள். என் வகுப்பில் கேட்டபோது பாதிப் பேர் கை தூக்கினார்கள். துருவிக் கேட்டால், பெரும்பாலும் அம்மாவின் போனைத்தான் "என் போன்" என்கிறார்கள். நிஜமாகவே தனி போன் வைத்திருந்தது இரண்டே பேர்.

கேள்வி: இருவரும் வேலைக்குப் போகிறோம். எட்டு வயது மகன் பள்ளி விட்டு வந்து ஒன்றரை மணி நேரம் தனியாக இருக்கிறான். அவனுக்காவது?

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவனுக்குத் தேவை உங்களோடு பேச ஒரு வழிதான். அதற்கு ஒரு பட்டன் போன் போதும். அதையும் அவனுடையது என்று சொல்லாதீர்கள், வீட்டு போன் என்று சொல்லுங்கள். முன்பு லேண்ட்லைன் இருந்த மாதிரி, ஹாலில் ஒரே இடத்தில் இருக்கட்டும். 2ஐ அழுத்திப் பிடித்தால் அம்மா, 3 அப்பா, 4 பக்கத்து வீட்டு அக்கா என்று பதிந்து வையுங்கள். இப்போது வரும் சில பட்டன் போன்களில் யூடியூபே ஓடுகிறது. கடையில் கேட்டு, அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், உங்கள் இருவர் எண்ணையும் மனப்பாடமாக்குங்கள். போனில் சார்ஜ் இல்லாத நாளில் அதுதான் கைகொடுக்கும். வாய்ப்பாடு சொல்கிற பிள்ளைக்குப் பத்து இலக்கம் பெரிய விஷயமில்லை. அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறதே?

உங்கள் எண்ணுக்கே வரட்டும். வாட்ஸ்அப்பின் விதிப்படியே அதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: சிம் இல்லாத பழைய போனைக் கொடுத்தால் ஆபத்து இல்லைதானே?

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். வைஃபை இருந்தால் அதுவும் முழு போன்தான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பழைய கணக்குகளையும் பணம் அனுப்பும் செயலிகளையும் அழித்துவிட்டு, கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள். எந்தச் செயலி இறங்கலாம், எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அது இருந்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்குப் போன் காட்டினால்தான் சோறு இறங்குகிறது.

நிறுத்துங்கள் அம்மா. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரைப்படி இரண்டு வயது வரை திரையே கூடாது. எப்போதாவது சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஒரு வேளை இரண்டு வாய் குறைந்தால் பரவாயில்லை.

கேள்வி: ஒன்பது வயது மகனிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பிடுங்கினால் அடம்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக மகனுக்கு ஒரு போன் கொடுத்தோம். 2021 நவம்பரில் பள்ளி திறந்த பிறகும் அவன் விடவில்லை. ஒரேயடியாகப் பிடுங்காமல், இன்ன தேதியிலிருந்து இப்படி என்று ஒரு வாரம் முன்பே சொன்னோம். முதலில் இரவில் எல்லார் போனும் ஹாலில் சார்ஜுக்குப் போனது, எங்களுடையதும் சேர்த்து. அது பழகியதும் பகலில் ஒரு மணி நேரம், அப்புறம் சனி ஞாயிறு மட்டும். முதல் பத்து நாள் சாப்பிட மாட்டேன் என்றான், கதவை அடித்துச் சாத்தினான். நாங்கள் கத்தவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. சாயங்காலம் அவன் தாத்தா கேரம் பலகையை எடுத்துப் போட்டு, பவுடர் தூவி, தனியாகவே ஆடிக்கொண்டிருப்பார். இரண்டாவது வாரம் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.