அதம்புவாவில் மூன்று நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

கேள்வி: அலுவலக வேலையாக இந்தோனேசியாவின் குபாங் நகருக்குப் போகிறேன். அம்மாவும் வருகிறார். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட், வந்திறங்கும்போது எடுக்கும் வருகை விசா. வேலை முடிந்து மூன்று நாள் கையில் இருக்கும். எல்லை நகரமான அதம்புவாவில் என்ன பார்க்கலாம்? அப்படியே கிழக்குத் திமோருக்குள்ளும் ஒரு எட்டு போய் வரலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த முறை எல்லை தாண்ட வேண்டாம். வருகை விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமே. வெளியேறினால் அதோடு முடிந்தது. திரும்பி வர இருவரும் தலைக்கு 5 லட்சம் ரூபியா கட்டிப் புது விசா எடுக்க வேண்டும். தரைவழியாகக் கிழக்குத் திமோருக்குள் போக முன்அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும்.

குபாங்கிலிருந்து அதம்புவாவுக்குச் சாலைவழி ஏறக்குறைய 280 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் பயணம் வேண்டாம். சிறிய விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடும்.

ஊருக்குள் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. கதீட்ரல் தேவாலயம், சந்தை, அவ்வளவுதான். தங்குவதற்கு மட்டும் ஊரை வைத்துக்கொண்டு, ஓட்டுநருடன் வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிற்பகல் வடக்கே கடற்கரைப் பக்கம். அதாபூபு துறைமுகம், பாசிர் புத்தி கடற்கரை, மோத்தாயின் எல்லைச் சாவடி எல்லாம் அந்தத் திசையில்தான். பாரம்பரிய வீட்டுக் கூரையின் சாயலில் கட்டிய சாவடி 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் நேரம் ஒரு மணி முன்னால் ஓடும். செலாவணி அமெரிக்க டாலர். சாவடி அருகே போனதும் கைபேசி தானாக அந்தப் பக்க நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம், கவனம்.

இரண்டாம் நாள் முழுவதையும் ஃபுலான் ஃபெஹானுக்குக் கொடுங்கள். இவ்வளவு தூரம் வருவதே இதற்காகத்தான் என்பேன். லகான் மலையடிவாரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி. கள்ளிச் செடிகளுக்கு நடுவே குதிரைகளும் மாடுகளும் கட்டுத்தறி இல்லாமல் மேயும். ஏப்ரல், மே மாதங்களில் பச்சைப் பசேலென்று இருக்கும். செப்டம்பரில் காய்ந்து பழுப்பாகிவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கும் மாடுகூடத் தெரியாது. விடியும்போதே கிளம்பிவிடுங்கள். கடைசிப் பகுதி ஏற்றமும் வளைவுமான ஒடுங்கிய பாதை, மழை பெய்திருந்தால் ஓட்டுநர் சொல்வதைக் கேளுங்கள்.

அருகிலேயே மக்கெஸ் கோட்டை. கல்மேல் கல் அடுக்கிய மதில்கள், ஏழு சுற்று. ஊர்க்காரர்களுக்கு இது முன்னோர்களின் இடம். பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். இங்கும் விருந்தாளிக்குத் தாம்பூலம் நீட்டுவார்கள். இலைக்குப் பதில் வெற்றிலைக்கொடியின் நீண்ட பச்சைக் காய், கூடவே பாக்கும் சுண்ணாம்பும். அம்மாவுக்கு வழக்கம் உண்டென்றால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். மெல்லாவிட்டாலும் மறுக்காமல் கையில் வாங்கிக்கொள்வது மரியாதை.

அம்மா சைவம் என்றால் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (டோஃபு), கீரை கேளுங்கள். சம்பல் என்ற மிளகாய்த் துவையலை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் இறால் விழுது கலந்திருக்கும்.

மூன்றாம் நாள் விமானத்துக்கு முன் நேரம் இருந்தால் சந்தையில் கைத்தறித் துணி பார்க்கலாம். விமானம் ரத்தானாலும் சமாளிக்க, குபாங்கிலிருந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டை மறுநாளைக்குப் போடுங்கள்.