போனைத் திருப்பினேன், பட்டியலைக் காணோம்

கேள்வி: ஆண்ட்ராய்டு திறந்த மென்பொருள் என்கிறார்கள். போன் வாங்குகிறவருக்கு சோர்ஸ் கோட் (மென்பொருளின் மூல நிரல்) எதற்கு? உங்களைப் போன்ற புரோகிராமருக்காவது அதனால் என்ன லாபம்?

பதில்: வாங்குகிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். எனக்கு என்ன லாபம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமானது.

வாங்க வேண்டிய பொருள்களைக் குறித்துக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். கையில் போன் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் போன் மாதிரியே ஓடும் எமுலேட்டரில்தான். அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. நண்பர் ஒருவர் தன் ஜி1 போனை (2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன்) ஒரு மாலைக்குக் கொடுத்தார். அப்போது ஜி1-இல் தட்டச்சு செய்ய வேண்டுமானால் திரையைத் தள்ளி, அடியில் இருக்கும் கீபோர்டை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் திரை படுக்கைவாட்டில் மாறும். மாறியது. என் பட்டியல் மொத்தமும் போய்விட்டது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

ஆண்ட்ராய்டில்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லியிருப்பேன். நல்லவேளை, 2008 அக்டோபர் 21-ஆம் தேதியே சோர்ஸ் கோட் வெளியாகியிருந்தது. தேடிப் படித்தேன். திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை நடத்தும் நிரல் பகுதியான ‘ஆக்டிவிட்டி’யை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. அழிப்பதற்கு முன், “எடுத்து வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?” என்று முறைப்படி கேட்கவும் செய்கிறது. நான்தான் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இது கையேட்டிலும் இருக்கிறது. நான் புரட்டித் தள்ளிய பக்கம். ஆனால் எழுதியதைப் படித்து நம்புவது வேறு, அந்த வரி ஓடும் இடத்தையே கண்ணால் பார்ப்பது வேறு.

கேள்வி: நான் ஜாவா எம்.இ.யில் (பழைய சிறு போன்களுக்கான ஜாவா) விளையாட்டுகள் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டுக்கும் ஜாவாதானே? அப்படியே மாறிவிடலாமா?

பதில்: மொழி அதேதான். ஆனால் உங்கள் மிட்லெட் (ஜாவா எம்.இ. மென்பொருள்) அங்கே ஓடாது. ஆண்ட்ராய்டில் அப்போது இருந்தது டால்விக் என்ற வேறு இயந்திரம், அதாவது நிரலை ஓட்டும் மென்பொருள். நாம் எழுதியதை ஜாவா கம்பைலர் மொழிபெயர்த்துத் தரும் கோப்புகளை அதற்கென ‘டெக்ஸ்’ வடிவத்துக்கு மாற்ற வேண்டும். (டால்விக் என்பது ஐஸ்லாந்தில் உள்ள ஒரு மீனவ ஊர். இயந்திரத்தை உருவாக்கிய டான் போர்ன்ஸ்டைன் வைத்த பெயர்.)

மொழியைவிடப் பழக்கத்தை மாற்றுவதுதான் கஷ்டம். ஜாவா எம்.இ.யில் நம் மென்பொருள் தனி அறையில் பூட்டப்பட்ட பிள்ளை மாதிரி. நெட்டைத் தொடப் போனாலே போன் உங்களிடம் அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டிலோ ‘இன்டென்ட்’ என்று ஒன்று இருக்கிறது. “ஒரு தொடர்பு எண் வேண்டும், யாராவது எடுத்துக் கொடுங்கள்” என்று ஒரு கோரிக்கையை அனுப்பினால் போதும். போனில் ஏற்கெனவே உள்ள தொடர்புப் பட்டியல் திறக்கும், பயனர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், விடை உங்களிடம் திரும்பி வரும். அதற்கென்று நான் எழுதி வைத்திருந்த முந்நூறு சொச்சம் வரிகளைத் தூக்கி எறிந்தேன். போனின் முகப்புத் திரையைக்கூட நீங்கள் எழுதிய ஒன்றால் மாற்றிவிடலாம். எனக்கு இந்தத் தளத்தில் மிகவும் பிடித்தது இதுதான், சோர்ஸ் கோடுகூட அப்புறம்தான்.

விளையாட்டு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: வேகமாக ஓடும் சி மொழியில் எழுத அதிகாரபூர்வமான வழி 2009 ஜூன் வரை இல்லை. அதுவரை வேகத்துக்குக் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது.

கேள்வி: அப்படியானால் என் போனில் உள்ள ஆண்ட்ராய்டை நானே மாற்றி எழுதிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கடையில் வாங்கிய ஜி1-இல் அப்போது முடியாமல் இருந்தது. கர்னல் (சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி) லினக்ஸ், அதற்கு ஜி.பி.எல். உரிமம்; மாற்றி விநியோகித்தால் சோர்ஸ் கோடையும் தர வேண்டும். மேலே உள்ளவற்றில் பெரும்பகுதிக்கு அப்பாச்சி 2.0. அதன்படி, தயாரிப்பாளர் தான் செய்த மாற்றங்களை வெளியிட வேண்டியதில்லை. அந்தப் போனும் தயாரிப்பாளர் தரப்பு முத்திரையிட்ட சிஸ்டத்தை மட்டுமே ஏற்றது. பூட்டில்லாத போன் வேண்டுமென்றால் 2008 இறுதியிலிருந்து டெவலப்பர்களுக்கென 399 டாலருக்குத் தனியாக விற்றார்கள். ஆக, முதலில் தயாரிப்பாளருக்குத் திறந்தது, அடுத்து எனக்கு, கடைசியில்தான் போனின் சொந்தக்காரருக்கு. இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

2008 நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜி1-இல் எதைத் தட்டினாலும் அது பின்னணியில் முழு அதிகாரத்தோடு கட்டளையாக ஓடியது. நண்பருக்கு அனுப்பும் செய்தியில் ‘ரீபூட்’ என்று தட்டினால் போனே அணைந்து மறுபடி எழும்! உடனே திருத்தம் அனுப்பி அடைத்துவிட்டார்கள். அடைக்க வேண்டிய ஓட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் பலர் அந்த ஓட்டை வழியாகத் தங்கள் சொந்த போனுக்குள்ளேயே நுழைந்து பார்த்துவிட்டார்கள்.