பாஸ்வேர்ட் மறந்த கணினியிலிருந்து கோப்புகளை எடுப்பது: கேள்வி பதில்

டிஸ்க்குகளிலிருந்து டேட்டா மீட்பது என் தொழில். பாஸ்வேர்ட் மறந்துபோன கணினியிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் எப்படி எடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விண்டோஸ் நன்றாகத் தெரியும். மேக், லினக்ஸ் ஓரளவு தெரியும். போன் என் துறை இல்லை. எந்தக் கேள்வியாக இருந்தாலும் ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: கோப்புகள் வெளியே வரும்வரை ஃபார்மேட் செய்யாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: சார், கோடை விடுமுறை முழுக்க லேப்டாப்பைத் தொடவில்லை. இப்போது பாஸ்வேர்ட் ஞாபகம் வரவில்லை. விண்டோஸ் 10, 2017இல் வாங்கியது. கடையில் கேட்டால் ஃபார்மேட் செய்தால்தான் ஆகும் என்கிறார்கள். கேள்வித்தாள்கள், மகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: டீச்சர், அந்தக் கடையில் கொடுக்க வேண்டாம். உங்கள் கோப்புகள் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதலில் லாகின் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே விசைப்பலகை தமிழுக்கு மாறியிருந்தால் சரியான பாஸ்வேர்டே தவறாகத்தான் போகும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் பாருங்கள். பாஸ்வேர்ட் கட்டத்தில் இருக்கும் கண் குறியை அழுத்தினால் என்ன விழுகிறது என்று தெரியும். ஏதாவது ஒரு கீ வேலை செய்யாமல் இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

அது இல்லை என்றால், உங்கள் கணக்கு எந்த வகை என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சல் கொடுத்து நுழைகிற கணக்கு என்றால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. போனிலிருந்தே அவர்களுடைய தளத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு லேப்டாப்பை லாகின் திரையிலேயே வைஃபையில் இணைத்துப் புதிய பாஸ்வேர்டைக் கொடுங்கள். வேலை முடிந்தது. வெறும் பெயர் மட்டும் உள்ள லோக்கல் கணக்கு என்றால், ஒருமுறை தவறாக அடித்ததும் பாதுகாப்புக் கேள்விகள் வருகின்றனவா பாருங்கள். 2018 முதல் விண்டோஸ் 10இல் இந்த வசதி உண்டு.

இதுவும் இல்லையா? சரி, கவலை வேண்டாம். விண்டோஸ் பாஸ்வேர்ட் வாசல் கதவுக்குப் போட்ட பூட்டு. உள்ளே இருக்கும் பீரோவை அது பூட்டுவதில்லை. டிஸ்க் என்கிரிப்ட் ஆகாமல், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாக மாறாமல் இருந்தால், வேறொரு சிஸ்டத்தில் பூட் செய்து கோப்புகளை நேரடியாகப் படிக்கலாம். வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அதை உங்கள் லேப்டாப்பில் செருகி ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான கீயைத் தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். டெஸ்க்டாப் வந்ததும் அதில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தொடவே கூடாது. ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யுங்கள். 'ரீட் ஒன்லி' என்று வந்தால் பயப்படாதீர்கள். விண்டோஸ் முழுமையாக ஷட் டவுன் ஆகாமல் பாதி உறக்கத்தில் இருந்தால் அப்படி வரும். நமக்குப் படிக்க முடிந்தாலே போதும்.

காப்பி ஆன கோப்புகளில் சிலவற்றைத் திறந்து பாருங்கள். அதன்பிறகுதான் பாஸ்வேர்டை அழிக்கும் மென்பொருள் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டும். லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை வெளியிலிருந்து வலுக்கட்டாயமாக அழித்தால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் விண்டோஸின் இஎஃப்எஸ் வசதியால் பூட்டிய கோப்புகளும் கைவிட்டுப் போகும். அவற்றின் சாவி உங்கள் பழைய பாஸ்வேர்டிலிருந்துதான் உருவாகிறது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, நீங்கள் சொன்னபடியே லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்தேன். டிரைவைத் திறக்கப் போனால் ஏதோ சாவி கேட்கிறது. விண்டோஸ் 11, புது லேப்டாப். நான் எதையும் பூட்டவே இல்லையே?

பதில்: தம்பி, நீ பூட்டவில்லை, விண்டோஸே பூட்டியிருக்கிறது. அது பிட்லாக்கர், டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய லேப்டாப்களில், ஹோம் பதிப்பிலும்கூட, 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இது தானாகவே ஆன் ஆகிவிடும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான கணினிகளில் ஆகிறது. இங்கே லினக்ஸால் நேராகப் படிக்க முடியாது.

பென்டிரைவைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் ஆன் செய். லாகின் திரை வருகிறதா? வந்தால் டிஸ்க்கின் பூட்டை டிபிஎம், அதாவது கணினிக்குள் சாவியைக் காத்து வைக்கும் பாதுகாப்புப் பகுதி, தானே திறந்துவிட்டது என்று பொருள். உனக்குத் தேவை கணக்கின் பாஸ்வேர்ட் மட்டும். ஆன்லைனில் மாற்றிக்கொள். பயாஸில் எதையும் மாற்றாதே, டிஸ்க்கைக் கழற்றாதே. தேவையில்லாமல் கை வைத்தால் நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்.

அந்த நீலத்திரை வந்துவிட்டாலும் வழி இருக்கிறது. திரையில் கீ ஐடி என்று ஒன்று தெரியும். அதன் முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பட்டியலில் ரெக்கவரி கீ பக்கத்தைப் பார். அதே ஐடிக்கு நேராக இருக்கும் 48 இலக்கம்தான் உன் சாவி. அங்கே இல்லையென்றால், லேப்டாப்பை முதன்முதலில் அமைத்தது யார் என்று யோசி. விற்ற கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டு ஆன் செய்து கொடுத்திருப்பார். இல்லையென்றால் அண்ணனின் கணக்கில் இருக்கும். சாவி அவர்களிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவை பிரவுசரில் திறந்து பார்த்தாயா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் ஏற்கெனவே அங்கே ஏறியிருக்கலாம்.

ஓசூரிலிருந்து ஒருவர்: கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது.

பதில்: கம்பெனியின் ஐடி பிரிவிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் செய்யாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்காளர்: விண்டோஸ் திறந்துவிட்டது சார். ஆனால் டேலியில் போட்ட டேலி வால்ட் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. மூன்று வருடக் கணக்கு.

பதில்: டேலி வால்ட் கம்பெனியின் டேட்டாவையே என்கிரிப்ட் செய்கிறது. பாஸ்வேர்ட் போனால் மீட்டுத் தர டேலி நிறுவனத்திடமும் வழி இல்லை. வால்ட் போடுவதற்கு முன் எடுத்த பேக்கப் பழைய பென்டிரைவிலோ, ஆடிட்டரிடம் கொடுத்த பிரதியிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். தாக்கல் செய்த ஜிஎஸ்டி விவரங்களையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் வைத்து மீண்டும் ஏற்றவும் முடியும். நீண்ட வேலைதான், ஆனால் நடக்கும்.

மதுரையிலிருந்து ஒருவர்: பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, ஃபார்மேட் செய்துவிட்டு ரெக்கவரி மென்பொருள் போட்டு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எஸ்எஸ்டியாக இருந்தால் ஃபார்மேட் ஆனதும், இருந்ததை அழித்துவிடச் சொல்லும் டிரிம் கட்டளை அதற்குப் போய்ச் சேரும். அதன்பின் எந்த மென்பொருளுக்கும் அங்கே படிக்க எதுவும் இருக்காது. டீச்சருக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு கணினி மெக்கானிக்: பிட்லாக்கரை உடைக்க முடியாது என்று எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள். யூடியூபில் ஒருவர் 43 விநாடியில் உடைத்துக் காட்டியிருக்கிறார். என் மாமாவின் லேப்டாப் மதர்போர்டு போய், புதுசு மாற்றினேன். இப்போது கீ கேட்கிறது. அந்த முறையில் எடுக்கப்போகிறேன்.

பதில்: அந்த வீடியோ உண்மைதான், 2024 பிப்ரவரியில் வந்தது. 10 டாலருக்கும் குறைந்த செலவில் ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டிச் சர்க்யூட் போர்டை வைத்துச் செய்த அருமையான வேலை. ஆனால் அவர் உடைத்தது என்கிரிப்ஷனை அல்ல. அந்தப் பழைய லெனோவோவில் டிபிஎம் தனிச் சில்லாக இருந்தது. கணினி ஆன் ஆகும்போது அந்தச் சில்லிலிருந்து பிராசஸருக்குச் சாவி போகும் பாதையில் மறைப்பு ஏதும் இல்லை. அந்தப் பாதையில் ஒட்டுக்கேட்டுச் சாவியை எடுத்தார். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிபிஎம் வேலையைப் பிராசஸருக்குள்ளேயே செய்கிறார்கள். வெளியிலிருந்து ஒட்டுக்கேட்க அங்கே கம்பியே இல்லை.

உங்கள் விஷயத்தில் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சாவியைக் காத்துவந்த டிபிஎம் பழைய போர்டோடு போய்விட்டது. புதுப் போர்டுக்கு அந்தச் சாவியே தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறது. பழைய போர்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மாமாவின் கணக்கில் கீயைத் தேடுங்கள்.

அதே மெக்கானிக்: மாமாவுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கே கிடையாது. 48 எண்கள்தானே, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டு எல்லாவற்றையும் முயன்று பார்த்தால் ஒரு மாதத்தில் விழாதா?

பதில்: விழாது. அந்த 48 இலக்கங்கள் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் வகுபடும் எண். ஒன்றில் 16 பிட் அடங்கியிருக்கிறது. மொத்தம் 128 பிட். எழுதிப் பார்த்தால் 39 இலக்கம் வரும் அளவுக்குச் சாத்தியங்கள். விநாடிக்கு லட்சம் கோடி முறை முயன்றாலும், பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகள் போதாது. பிட்லாக்கரை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அன்லாக் மென்பொருள் என்று இலவசமாகக் கிடைப்பதை இறக்கவும் வேண்டாம். அவற்றில் பல வைரஸ்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு பெண்: நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் லேப்டாப் ரயிலில் திருடு போனது. பான் கார்டு, வங்கி ஆவணங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிட்லாக்கர் இருந்ததால்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன். அதைப் பேய் போலப் பேசாதீர்கள்.

மெக்கானிக்: உங்களுக்குத் திருடனிடமிருந்து பாதுகாப்பு. என் மாமாவுக்கு அவருடைய படங்களிடமிருந்தே பாதுகாப்பா? கேட்காமல் பூட்டுவது என்ன நியாயம்?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் ஏற்கிறேன். தொலைந்துபோகக்கூடிய ஒவ்வொரு லேப்டாப்பும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சர் தன் கோப்புகளை எடுத்த அதே பென்டிரைவால் திருடனும் எடுப்பான். ஆனால் பூட்டும்போதே, 'இதோ உங்கள் சாவி, தாளில் எழுதுங்கள்' என்று திரை முழுக்கச் சொல்லி, எழுதியதைத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்த பிறகே விண்டோஸ் மேலே போக வேண்டும். என்னிடம் வந்து அழுகிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது. அது என்னை மிகவும் வருத்துகிறது.

மெக்கானிக் தம்பி, கணக்கே இல்லாமல் இது தானாக ஆன் ஆகியிருப்பது அபூர்வம். வீட்டில் யாருடைய மின்னஞ்சலாவது அதில் ஒருமுறை ஏறியிருக்கும். எல்லோரையும் கேளுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மனைவியின் லேப்டாப்பை அவருக்குத் தெரியாமல் திறந்து பார்க்க வேண்டும்.

பதில்: உதவ மாட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66 இரண்டையும் படியுங்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். கணவனுக்கு விலக்கு இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அண்ணா, அப்பா போன மாசியில் காலமாகிவிட்டார். அவர் எழுதி வைத்த எங்கட குடும்ப வரலாறு அவருடைய கொம்பியூட்டரில் கிடக்குது. பழைய விண்டோஸ் 7. கடையில் டிஸ்க்கைக் கழற்றிக் கோப்புகளை எடுத்துத் தந்துவிட்டார்கள். ஆனால் அந்த வேர்ட் ஃபைலுக்குத் தனியாகப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறார். அம்மாவுக்கும் தெரியாது.

பதில்: அப்பாவின் இழப்புக்கு வருந்துகிறேன். அந்த ஃபைலை மூன்று இடங்களில் காப்பி செய்து வையுங்கள். முயற்சிகளை ஒரு பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

இப்போது ஃபைலின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். வெறும் 'டாக்' என்று முடிந்தால், அது வேர்ட் 2003 வரை இருந்த வடிவம். அதில் வழக்கமாக இருந்தது 40 பிட் பூட்டு. இன்றைய கணினியில் அதன் எல்லாச் சாத்தியங்களையும் முயன்று பார்க்கலாம்; பாஸ்வேர்ட் எவ்வளவு கடினமாக இருந்தாலும் கோப்பு திறக்கும். 'டாக்எக்ஸ்' என்று முடிந்தால் வேர்ட் 2007 முதல் வந்த வடிவம், ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு. அங்கே யூகம்தான் வழி.

ஆனால் யூகத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். நார்வேயில் ஈவார் ஆசன் மையம் என்ற மொழிப் பண்பாட்டு நிறுவனத்தில், ஓர் அறிஞர் சேர்த்து வைத்த சுமார் 11,000 நூல்களின் பட்டியல் ஒரு டேட்டாபேஸில் இருந்தது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாமலே அவர் இறந்துவிட்டார். 2002இல் அந்த மையம் பொதுமக்களிடம் உதவி கேட்டது. சில மணி நேரத்தில் விடை வந்துவிட்டது: அவருடைய குடும்பப் பெயரைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதியது.

அப்பாவும் மனிதர்தான். அம்மாவோடும் சகோதரங்களோடும் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள்: பிள்ளைகளின் வீட்டுப் பெயர்கள், ஊர், குலதெய்வம், முதல் மோட்டார் சைக்கிளின் நம்பர், பழைய தொலைபேசி எண், பிறந்த ஆண்டுகள். அவருடைய டயரியின் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள். ஜான் த ரிப்பர், ஹாஷ்கேட் என்ற இலவச மென்பொருள்கள் அந்தச் சொற்களைத் திருப்பியும் எண் சேர்த்தும் பெரிய எழுத்தாக மாற்றியும் ஆயிரக்கணக்கில் முயன்று பார்க்கும். கணினி தெரிந்த நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை அப்பா எப்படி எழுதுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவர் அனுப்பிய பழைய குறுஞ்செய்திகளில் பாருங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, ரீசெட் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்ட் கேட்கிறது.

பதில்: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு.

விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவி: அரசு கொடுத்த இலவச லேப்டாப், அக்காவுடையது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. ஃபார்மேட் தவிர வழி உண்டா சார்?

பதில்: ஃபார்மேட் என்ற பேச்சே வேண்டாம்மா. அந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். ஆன் செய்ததும் எந்த சிஸ்டம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறதா பார். வந்தால் பாஸ் லினக்ஸில் நுழைந்து விண்டோஸ் டிரைவைத் திற. பென்டிரைவில் ஏற்றும் வேலையே மிச்சம்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: மேக்புக், எம்1. பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. டிஸ்க்கைக் கழற்றி எடுக்க முடியுமா?

பதில்: முடியாது. அதில் சேமிப்பு போர்டிலேயே ஒட்டியிருக்கிறது. எப்போதும் என்கிரிப்ட் ஆகியும் இருக்கிறது. லாகின் திரையில் மூன்று முறை தவறாக அடித்துப் பாருங்கள், ஆப்பிள் கணக்கு வழியாக மாற்றும் வழி வரலாம். மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்ட் போட்டபோது கொடுத்த 24 எழுத்துச் சாவி இருந்தால் அதுவும் போதும். இரண்டும் இல்லையென்றால் ஐகிளவுட், டைம் மெஷின் (மேக்கின் பேக்கப்) இரண்டில் ஏதாவது ஒன்றில்தான் உங்கள் கோப்புகள் கிடைக்கும்.

சென்னை மெக்கானிக்: சார், கிடைத்துவிட்டது! மாமா மகள் ஆன்லைன் வகுப்புக்காக அந்த லேப்டாப்பில் ஒருமுறை தன் கணக்கில் நுழைந்திருக்கிறாள். ஐடி பொருந்துகிறது, திறந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கீ கேட்கிறது.

பதில்: மிகவும் சந்தோஷம். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். பிறகு பிட்லாக்கர் அமைப்பில் 'சஸ்பெண்ட்' கொடுத்து, மீண்டும் 'ரெஸ்யூம்' கொடுங்கள். புதுப் போர்டின் டிபிஎம்மில் சாவி பதிந்துவிடும், அப்புறம் கேட்காது. அந்த 48 இலக்கத்தைப் பிரின்ட் எடுத்து, மாமா வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.