மாநிலங்களவைத் தலைவருக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள், "குடியரசுத் தலைவர் தேர்தலில் மாநிலங்களவைத் தலைவர் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டாள். மக்களவை சபாநாயகர் போடுகிறாரே, இவரும் போடலாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை, இன்றைக்கே மகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். அரசியலமைப்பின் 54-வது பிரிவுப்படி இந்தத் தேர்தலில் ஓட்டு இருப்பது, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களுக்கும் எம்.எல்.ஏ.க்களுக்கும்தான். சபாநாயகர் ஒரு தொகுதியில் ஜெயித்து வந்த எம்.பி., அதனால் போடுகிறார்; சபாநாயகர் என்பதற்காக அல்ல. மாநிலங்களவைத் தலைவரோ குடியரசுத் துணைத் தலைவர், அவர் எந்த அவையிலும் உறுப்பினராக இருக்கவே கூடாது என்கிறது 66-வது பிரிவு. அவையை நாள் முழுக்க நடத்துவார், ஆனால் அந்த அவையின் உறுப்பினர் இல்லை.

2007 தேர்தலை மகளுக்குச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டாள். துணைத் தலைவராக இருந்துகொண்டே பைரோன் சிங் ஷெகாவத் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார், எதிர்த்து நின்ற பிரதிபா பாட்டீல் அதுவரை ராஜஸ்தான் ஆளுநர், ஆக இரண்டு வேட்பாளர்களுக்குமே தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ள ஒரு ஓட்டுகூட இல்லை! எம்.பி.க்களுக்குப் பச்சை, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு என்று வாக்குச்சீட்டு தருவார்கள், இரண்டில் எதுவும் அவர்கள் கைக்கு வராது.

துணைத் தலைவர் தேர்தலிலும் இதே கதைதான். 2012-ல் ஹமீத் அன்சாரி இரண்டாம் முறை நின்றபோது அவருக்கு ஓட்டு இல்லை, எதிரணி வேட்பாளர் ஜஸ்வந்த் சிங் மக்களவை எம்.பி. என்பதால் அவருக்கு இருந்தது.

மாநிலங்களவையின் துணைத் தலைவர் விஷயம் வேறு (பெயர்க் குழப்பத்தில் பலர் தவறுவது இங்கேதான்). அவர் உறுப்பினர்களில் ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர் என்றால் இரண்டு தேர்தலிலும் ஓட்டு உண்டு.

நியமன உறுப்பினர்கள் 12 பேருக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு கிடையாது, குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் உண்டு. எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய கமல்ஹாசனுக்கு இரண்டிலும் உண்டு, நியமனத்தில் வந்த இளையராஜாவுக்கு ஒன்றில் மட்டும். குடியரசுத் தலைவர் நியமிக்கிறவர்களே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது, அதே கண்டிப்பைத் துணைத் தலைவர் தேர்தலிலும் வைத்திருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் அவைக்குள் மசோதா வரும்போதும் தலைவருக்கு ஓட்டு இல்லையா?

பதில்: முதலில் இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டு சமமாக விழுந்தால் மட்டும், 100-வது பிரிவின்படி, அவருடைய ஓட்டு முடிவைத் தீர்மானிக்கும். அவருக்குப் பதிலாக அந்த நேரத்தில் யார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கும் இதே விதிதான்.