மாலத்தீவில் மதுவும் பன்றி இறைச்சியும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

மாலத்தீவு ரிசார்ட்டுகளில் கொள்முதல், ஸ்டோர் வேலை என்று 11 வருடம் இருந்தவன் என்பதால் அங்குள்ள தடைச் சட்டங்களைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை: பெட்டியில் பாட்டில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: மது அங்கே தடையா, இல்லையா? ஒருவர் தடை என்கிறார், இன்னொருவர் பார் போட்டோ அனுப்புகிறார்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். 1975-ல் வந்த 4/75 என்ற இறக்குமதித் தடைச் சட்டத்தில் மது, பன்றி இறைச்சி இரண்டுமே கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். அரசு அனுமதி பெற்றவர் மட்டும், சுற்றுலாப் பயணிகளுக்காகக் கொண்டுவரலாம். ஏறத்தாழ 1200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200-க்குள்தான், அங்கெல்லாம் கிடையாது. ரிசார்ட் தீவு என்பது சட்டத்தின் கண்ணில் ஆள் குடியிருக்காத தீவு, அதனால் அங்கே உண்டு. 1972-ல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோதிலிருந்தே இப்படித்தான் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று ஓடுகிறது. முக்கியமானது இதுதான்: அங்கே தடை பொருளின் மேல் இல்லை, இடத்தின் மேலும் ஆளின் மேலும் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

கேள்வி: ரிசார்ட்டுக்குள் எப்படிக் கணக்கு வைப்பார்கள்?

இது என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாண்ட் ஸ்டோர் என்று மது வைக்கத் தனி அறை, இரும்புக் கதவு, இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்காது. உள்ளே போகும் ஒவ்வொரு பாட்டிலும் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும், வெளியே போனால் எந்தப் பாருக்கு, யார் கையெழுத்து என்று எழுத வேண்டும். பாட்டில் உடைந்தால் மூடி சீலோடு இருக்கும் கழுத்துப் பகுதியை ஒரு டப்பாவில் போட்டு வைப்போம், மாதக் கடைசியில் அதை எண்ணித்தான் கணக்கில் கழிப்போம். ஒரு தடவை படகு ஆட்டத்தில் ஒரு கேஸ் ஒயின் மொத்தமாக நொறுங்கிவிட்டது. நானும் ஒரு மாலத்தீவுத் தம்பியும் கண்ணாடித் தூளுக்குள் கழுத்துகளைப் பொறுக்கினோம். நோன்பு மாதம். கையுறை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் செய்து முடித்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை. நான் இருந்த இடத்தில் பார் கவுன்டரில் மாலத்தீவுக்காரர் யாரும் நிற்கமாட்டார், இலங்கை, இந்திய, பிலிப்பைன்ஸ் ஆட்கள்தான். பேக்கன், சலாமி எல்லாம் தனி ஃப்ரீசர், தனிக் கத்தி, தனிப் பலகை.

கேள்வி: சென்னை டூட்டி ஃப்ரீயில் வாங்கிய சீல் பிரிக்காத பாட்டில் கொண்டுபோகலாமா?

கூடாது. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், எடுத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே ஒரு பீர் டின்?

கூடாது.

கேள்வி: மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லத்தில் தங்கினால்?

2009-க்குப் பிறகுதான் ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வந்தன. அங்கே மது கிடையாது. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்ட படகில் பார் இருக்கும், அங்கே போய்க் குடித்துவிட்டு வரலாம், பாட்டிலைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. தலைநகர் மாலேயில் தங்குபவர்கள் விமான நிலையத் தீவில் உள்ள ஹோட்டலுக்குப் போவார்கள்.

கேள்வி: ஹராம் என்றால் எல்லா இடத்திலும் ஹராம்தானே? நாடாளுமன்றம் ஏன் முழுசாகத் தடை செய்யவில்லை? பணத்துக்காக மார்க்கத்தை விற்கிறார்கள் என்று சொன்னால் தப்பா?

இதே கேள்வியை மாலத்தீவுக்காரர்களே தெருவில் இறங்கிக் கேட்டிருக்கிறார்கள். 2008 அரசியல் சட்டத்தின் 10-வது பிரிவு, இஸ்லாமியக் கொள்கைக்கு முரணான எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்கிறது. 9-வது பிரிவின்படி முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாகவே முடியாது. இப்படி எழுதி வைத்துவிட்டு ரிசார்ட்டில் பார் நடத்தினால் கேள்வி வரத்தான் செய்யும்.

2011 டிசம்பர் 23 அன்று மாலேயில் பெரிய கூட்டம் கூடியது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன், அன்று எங்கள் சரக்குப் படகு கிளம்பவில்லை. ஐந்து கோரிக்கைகள். அதில் ஒன்று, மது விற்பதற்காக ஊர்த் தீவுகளின் சில பகுதிகளை ‘ஆள் குடியிருக்காத பகுதி’ என்று அறிவிப்பதை நிறுத்து என்பது. இன்னொன்று நவி பிள்ளையைக் கண்டிக்க வேண்டும் என்பது. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையர், ஒரு மாதம் முன்புதான் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே நின்று கசையடி தண்டனையை நிறுத்தச் சொல்லியிருந்தார்.

அப்போதைய அதிபர் நஷீத்தின் அரசு என்ன செய்தது? போராட்டக்காரர்கள் மசாஜ் நிலையங்களைக் குறை சொன்னார்கள் என்பதால் ரிசார்ட் ஸ்பாக்களையே மூடச் சொல்லிவிட்டு, மதுவும் பன்றி இறைச்சியும் இறக்குமதி செய்யலாமா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. ஸ்பா உத்தரவும் சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. 2012 பிப்ரவரியில் நஷீத் பதவி போனது, அதற்குக் காரணங்கள் வேறு பல. அந்த வருடக் கடைசியில், இறக்குமதியை முழுசாகத் தடுக்கும் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது, நிறைவேறவில்லை.

விற்கிறார்கள் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். நாட்டின் மொத்த உற்பத்தியில் நேரடியாகவே நாலில் ஒரு பங்கு அளவுக்குச் சுற்றுலாதான், 2024-ல் 20 லட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்தார்கள், ஊர் மக்கள் தொகையோ 5 லட்சம் சுமார். அரிசி, மாவு, மருந்து எல்லாம் அந்த டாலரில்தான் இறங்குகிறது.

கேள்வி: அப்படியானால் தடை வேண்டும் என்பவர்கள் எல்லாம் பிற்போக்குவாதிகள், அவ்வளவுதானே?

இல்லை ஐயா. தடை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நேற்றிலிருந்து மாறி மாறி எழுதுகிறீர்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். வேறு இரண்டு நாடுகளைப் பாருங்கள்.

பாகிஸ்தானில் 1977-ல் பிரதமர் பூட்டோ தடை போட்டார், 1979-ல் ராணுவ ஆட்சியாளர் ஜியா அதை மதத் தண்டனைச் சட்டமாக்கினார், முஸ்லிம் அல்லாதவருக்கு மட்டும் பர்மிட் உண்டு. 2018 டிசம்பரில் அந்தப் பர்மிட்டையும் ஒழிக்க வேண்டும் என்று தேசிய சபையில் மசோதா கொண்டுவந்தவர் ரமேஷ் குமார் வங்க்வானி, ஒரு இந்து உறுப்பினர். எங்கள் பெயரைச் சொல்லி வேறு ஆட்கள் வியாபாரம் பார்க்கிறார்கள், எங்கள் மதமும் குடிக்கச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். சபையில் பெரும்பான்மை முஸ்லிம் உறுப்பினர்கள், மசோதா தோற்றது. அவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?

ஈராக்கில் 2016 அக்டோபரில் நகராட்சி வருமானச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக மதுத் தடையை நுழைத்து நிறைவேற்றினார்கள். தயாரித்தாலோ விற்றாலோ இறக்கினாலோ 1 கோடி முதல் 2.5 கோடி தினார் வரை அபராதம். கொண்டுவந்தவர்கள் காட்டியது, இஸ்லாத்துக்கு முரணான சட்டம் கூடாது என்னும் அரசியல் சட்டத்தின் 2-வது பிரிவு. எதிர்த்த கிறிஸ்தவ உறுப்பினர் யோனாதம் கன்னா காட்டியதும் அதே 2-வது பிரிவுதான், அதில் சிறுபான்மையினரின் மத உரிமையும் எழுதியிருக்கிறது. 2023-ல்தான் அரசிதழில் வந்து அமலானது, தன்னாட்சி உள்ள குர்திஸ்தான் பகுதியில் அமலாகவில்லை. பாக்தாத்தில் மதுக்கடை நடத்தியவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களும் யஸீதிகள் என்ற இன்னொரு சிறுபான்மை மதத்தவரும்தான், சட்டத்துக்கு முன்னாலேயே குண்டு வீச்சுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள். மதத்தைக் காட்டிச் சட்டம் செய்யும்போது அடி விழுவது குடிக்கிறவன் மேல் இல்லை, பெரும்பாலும் சின்னக் கடைக்காரன் மேல், கூலிக்காரன் மேல். எனக்கு இதுதான் ஆறவில்லை. மாலத்தீவிலும் ரிசார்ட்டில் ஒரு இரவுக்கு ஆயிரம் டாலர் கொடுப்பவருக்கு அனுமதி, மாலேயில் சித்தாள் வேலை செய்யும் முஸ்லிம் அல்லாத வெளிநாட்டுக்காரரின் அறையில் பாதி பாட்டில் கிடைத்தால் வழக்கு. நம்பிக்கைதான் காரணம் என்றால் இரண்டு பேரும் ஒன்றுதானே? எவரும் மார்க்கப்படி வாழ்வதை நான் மதிக்கிறேன். சட்டம் ஆள் பார்த்து மாறுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: மாலத்தீவில் கள் இறக்குவதில்லையா? தென்னை நிறைய இருக்கிறதே.

நல்ல கேள்வி. இறக்குகிறார்கள், ‘ரா’ என்பார்கள், இறக்குபவர் ‘ராவேரி’. புளிக்காத பதநீரைக் குடிக்கலாம், காய்ச்சிப் பாகாகவும் எடுப்பார்கள், அதற்கு ‘தியா ஹகுரு’ என்று பெயர், ரொட்டிக்கு அருமையாக இருக்கும். புளிக்க வைத்தால்தான் குற்றம்.

கேள்வி: அண்ணா, மாலேயில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா சின்னப் பிள்ளையார் சிலை கொடுத்திருக்கிறார், எடுத்துப் போகலாமா?

வேண்டாம் தம்பி. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உண்டு. அம்மாவிடமே இருக்கட்டும். டின்னில் அடைத்த இறைச்சி கொண்டுபோனால் லேபிளைப் படித்துப் பார், பன்றிக் கொழுப்பு இருந்தால் எடுத்துவிடு. இ-சிகரெட்டும் 2024 கடைசியிலிருந்து தடை, சுற்றுலாப் பயணிக்கும் சேர்த்து.

கேள்வி: ரிசார்ட்டில் மீதமான பாட்டிலை மாலத்தீவு நண்பருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மாட்டுவது நீங்கள் மட்டும் இல்லை, அவரும்தான். உங்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அவருக்குப் போக வேறு ஊர் இல்லை.

கேள்வி: கொழும்பு வழியாகப் போனால் பாட்டில் கொண்டுபோகலாமா?

மேலே மூன்றாவது பதிலைப் படியுங்கள்.