டெத் வேலியில் ஒரு நாள் நடை: கேள்வி பதில்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கவும் தொழில் நிமித்தமாகவும் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போகிறவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களில் நடையில் நாட்டமுள்ள சிலர், கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவில் ஒரு நாளை எப்படிச் செலவிடுவது என்று நம் நடைக் குழுவில் கேட்டிருந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் நடந்து பழகியவன் என்ற முறையில் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

பெருந்துறையிலிருந்து ஒருவர்: வணக்கம் ஐயா. பேரப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது. அப்போது போகலாமா? ஈரோட்டு வெயிலில் வளர்ந்த எங்களுக்கு அந்த வெயில் ஒரு பொருட்டா?

வணக்கம். காரிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுவதாக இருந்தால் மே மாதத்தில் போகலாம், ஆனால் பள்ளத்தாக்கின் தரையில் நடப்பதற்கு அது ஏற்ற மாதம் அன்று. நடைக்கு உகந்த காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. உலகில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருக்கும் 56.7 டிகிரி செல்சியஸ், 1913 ஜூலை 10 அன்று இப்பூங்காவின் ஃபர்னஸ் கிரீக்கில்தான் அளக்கப்பட்டது. 2024 ஜூலையில் பகலும் இரவும் சேர்த்த மாதச் சராசரியே 42.5 டிகிரியாக இருந்தது என்றால், அங்கே கோடையில் இரவும் உடலுக்கு ஓய்வு தருவதில்லை என்பது விளங்கும்.

ஈரோட்டு வெயிலைத் தாங்கிய உடம்பு என்ற நம்பிக்கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் ஊரில் வியர்வை வழிந்து சட்டை நனைவதால், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பு நினைவுபடுத்துகிறது. அங்கே காற்று அவ்வளவு வறண்டது என்பதால் வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். சட்டைக் காலரில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு நீரை இழந்திருக்கிறோம் என்பதே தெரியும். ஒதுங்க ஒரு வேப்பமரமோ, சாலையோரத்தில் ஒரு பேக்கரியோ இருக்காது. கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் தாழ்வான இடங்களில் காலை 10 மணிக்கு முன் நடையை முடித்துவிடுங்கள்.

கோவை, வடவள்ளியிலிருந்து ஒருவர்: ஜனவரியில் லாஸ் வேகஸிலிருந்து ஒரே நாளில் போய்வரத் திட்டம். ஸாப்ரிஸ்கி முனை, கோல்டன் கேன்யன், பேட்வாட்டர், ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்டேஸ் வியூ, மணல் மேடுகள், உபெஹீபி எரிமலைப் பள்ளம், கற்கள் தானே நகரும் ரேஸ்டிராக் ஆகிய அனைத்தையும் எந்த வரிசையில் பார்ப்பது?

இந்தப் பட்டியலை எந்த வரிசையில் அடுக்கினாலும் ஒரு நாளில் அடங்காது. பூங்காவின் பரப்பு 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம் கோவை மாவட்டத்தைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம். உபெஹீபி வடகோடியில் இருக்கிறது. அதற்கு அப்பால் ரேஸ்டிராக்குக்குச் செல்லும் 43 கிலோமீட்டர் மண் சாலை, டயரைக் கிழிக்கும் கூரிய கற்கள் நிறைந்தது. இவ்விரண்டையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

எஞ்சியவற்றை இடத்தை வைத்து வரிசைப்படுத்தாமல், வெயிலையும் உயரத்தையும் வைத்து வரிசைப்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விடியலில் ஸாப்ரிஸ்கி முனையில் இருங்கள். முதல் கதிர் மேற்கே பானமின்ட் மலைகளின் உச்சியில் பட்டு மெல்லக் கீழிறங்கி, கடைசியில் உங்கள் காலடியில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மஞ்சள் மண்குன்றுகளைத் தொடும். அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள், பெரும்பாலோர் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து நேராகக் கோல்டன் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குப் போய், ரெட் கதீட்ரல் என்னும் செம்பாறைச் சுவர் வரை நடந்து திரும்புங்கள். போய்வர சுமார் 5 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம் போதும். பழைய ஏரியொன்றின் படிவுகளே இன்று அங்கே சுவர்களாகச் சாய்ந்து நிற்கின்றன. சில பலகைப் பாறைகளை அருகில் சென்று பார்த்தால், நீரலை விட்டுச் சென்ற வரிகள் அப்படியே கல்லாகியிருப்பதைக் காணலாம். கை வைக்காமல் பாருங்கள்.

பிறகு தெற்கே பேட்வாட்டர். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் இது, வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த நிலம். பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறையில் வெகு உயரத்தில் கடல் மட்டத்தைக் குறிக்கும் சிறு பலகை ஒன்று உண்டு. உப்புத் தரையில் முதல் பகுதி மிதிபட்டுத் தட்டையாகிவிட்டது, கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தால்தான் பல கோண வடிவில் விளிம்பு கட்டிய உப்புப் பாளங்கள் தெரியும்.

நண்பகலில் ஃபர்னஸ் கிரீக்கில் உணவை முடித்துக்கொண்டு டான்டேஸ் வியூவுக்கு ஏறுங்கள். 1,669 மீட்டர், நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரம். பேட்வாட்டரைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும், ஆகையால் ஜனவரியில் கம்பளிச் சட்டை கட்டாயம். காலையில் நீங்கள் நடந்த உப்புவெளி, கிட்டத்தட்ட நேர் கீழே வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

ஜனவரியில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், மெஸ்கீட் ஃபிளாட் மணல் மேடுகள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் மணல் மேடுகளையே சொல்வேன், ஏனென்றால் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் வாகனத்திலிருந்து பார்க்கும் இடம், மணல் மேடுகள் நடந்தால்தான் புரியும் இடம். இன்னொன்று, லாஸ் வேகஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், முந்தைய இரவு ஃபர்னஸ் கிரீக்கிலோ ஸ்டோவ்பைப் வெல்ஸிலோ தங்க முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது முடியாவிட்டால் விடியலைக் கைவிட்டு, மற்றவற்றை நிதானமாகப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, என் மாமியாருக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அவரை எதற்கெல்லாம் அழைத்துப் போகலாம்?

தாராளமாக அழைத்துப் போங்கள் அம்மா. குளிர்காலமாக இருந்தால் பேட்வாட்டரும் டான்டேஸ் வியூவும் அவருக்கு ஏற்றவை. முன்னதில் மரப்பலகை நடைபாதையும் அதன் பின் சமதரையும் உண்டு, பின்னதில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே முழுக் காட்சியும் கிடைக்கும். ஸாப்ரிஸ்கி முனைக்குச் செல்லும் பாதை குறுகிய தூரமே ஆனாலும் சற்று ஏற்றமாக இருக்கும், கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிவிடுங்கள். உப்புவெளியில் வெளிச்சம் கீழிருந்தும் கண்ணில் அடிப்பதால் கறுப்புக் கண்ணாடி வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் போகச் செய்பவை. ஆகவே எவ்வளவு தண்ணீரும் உப்பும் சேர்க்கலாம் என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: தண்ணீர், சாப்பாடு பற்றிச் சொல்லுங்கள்.

ஆளுக்கு நாள் ஒன்றுக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு, நடக்கிறவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். வண்டி பழுதானால் உதவி வரும்வரை சமாளிக்கத் தனியாக ஒரு கேன் வண்டியிலேயே கிடக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றும், எனவே உப்புக் கடலை, கடலை மிட்டாய், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவை உதவும். மகன் வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம், நண்பகல்வரை கெடாது. பூங்காவுக்குள் பெட்ரோல் விலை மிக அதிகம், வெளியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வேண்டும்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்: மழையே பெய்யாத இடத்தில் வெள்ள எச்சரிக்கை எதற்கு?

மழை குறைவு என்பதே காரணம். ஆண்டுக்குச் சராசரியாக 50 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. நீரை உறிஞ்ச மண்ணும் வேரும் இல்லாத மொட்டைப் பாறையில் விழுவது அத்தனையும் குறுகிய பள்ளங்கள் வழியே ஒன்றாகத் திரண்டு வரும். 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் எச்சம் ஃபர்னஸ் கிரீக்கில் ஒரே நாளில் சுமார் 56 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியதால், பூங்கா ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. பேட்வாட்டரில் ஏரியொன்று பல மாதங்கள் தேங்கி நின்றது. கோல்டன் கேன்யனுக்குள் ஒரு காலத்தில் தார்ச்சாலையே இருந்தது, 1976 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. அந்தத் தாரின் துண்டுகள் ஓரங்களில் இன்றும் தொங்குகின்றன. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மலைமுகட்டில் கருமேகம் தெரிந்தால் கேன்யனுக்குள் நுழையாதீர்கள்.

நாமக்கல்லிலிருந்து ஓர் இளைஞர்: ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். அங்குள்ள டெலஸ்கோப் சிகரத்தை ஏறிவிட்டு, மீதி நேரத்தில் மற்ற இடங்களைப் பார்க்க முடியுமா தோழர்?

முடியாது தம்பி. சிகரம் 3,368 மீட்டர், போய்வர 22 கிலோமீட்டருக்கு மேல். அதற்கே ஒரு முழு நாள் ஆகும். கீழே நடை இதமாக இருக்கும் குளிர்காலத்தில் மேலே பனி உறைந்திருக்கும், அப்போது பனிக்கோடரி பழகியவர்களே ஏறலாம். வெறுங்காலோடு ஏறிப் பழகிய பாதம் என்றாலும் அங்கே காலணியைக் கழற்ற வேண்டாம்.

பல்லடத்திலிருந்து ஒருவர்: நினைவுக்கு ஒரு கல்லோ கொஞ்சம் உப்போ எடுத்து வரலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். ட்ரோன் பறக்கவிடுவதும் அப்படியே.

உடுமலையிலிருந்து ஒருவர்: வாடகைக் கார் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கைப்பேசி வேலை செய்யுமா?

பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது. ஆகையால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்வதோடு, அச்சிட்ட வரைபடம் ஒன்றையும் பார்வையாளர் மையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழிகாட்டிச் செயலி குறுக்குவழி என்று மண் சாலைக்குத் திருப்பினால் அதை நம்பாமல் தார்ச்சாலையிலேயே இருங்கள். மேட்டுச் சாலைகளில் இன்ஜின் சூடேறினால் குளிரூட்டியை நிறுத்திவிட்டு மெதுவாகச் செல்லுங்கள். வண்டி நின்றேவிட்டால் உதவி தேடி நடக்கக் கூடாது, வண்டியோடு இருங்கள், பானட்டைத் திறந்து வையுங்கள். முக்கியச் சாலையாக இருந்தால் கடந்து செல்லும் யாராவது பார்த்து நிறுத்துவார்கள். புறப்படும் முன் எந்தெந்த இடத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை மகனிடமோ மகளிடமோ எழுதிக் கொடுத்துவிடுங்கள்.