இருவரும் சம்மதித்து நடத்தும் ஓப்பன் மேரேஜை மதங்கள் ஏற்குமா? ஊர் ஏன் ஏற்பதில்லை?

‘கள்ள உறவு’ என்கிறோம். ஓப்பன் மேரேஜில்போல, வெளியே வேறொருவரோடு உறவு வைக்கலாம் என்று கணவனும் மனைவியும் பேசி ஒப்புக்கொண்டுவிட்டால் கள்ளம் போய்விடும், உறவு அப்படியே இருக்கும். பெரும்பாலான மதங்களுக்குச் சிக்கல் அந்த உறவில்தான். அதனால் சம்மதம் அங்கே செல்லுபடியாவதில்லை. காரணம்தான் மதத்துக்கு மதம் மாறுகிறது.

இஸ்லாத்தில் ‘நாலு கல்யாணம் அனுமதிதானே’ என்று இதோடு முடிச்சுப் போடுவது தவறு. குர்ஆன் 4:3 சொல்வது மனைவியரிடையே நீதி என்ற நிபந்தனையோடு கூடிய நிக்காஹ், அதாவது முறையான திருமணம். ஒவ்வொன்றுக்கும் மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) உண்டு. நிக்காஹ்வுக்கு வெளியே நடப்பது ஸினா, தகாத உறவு. அதற்குக் கணவன் சம்மதிப்பது நிலைமையை மோசமாக்கும்: மனைவியின் தவறைக் கண்டும் ரோஷப்படாதவனை ‘தய்யூஸ்’ என்று ஹதீஸ் கண்டிக்கிறது.

கத்தோலிக்கத்தில் எப்போது பேசி முடிவெடுத்தார்கள் என்பது முக்கியம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் விதி 1056, ஒருமையை (ஒருவருக்கு ஒரே துணை என்பதை) திருமணத்தின் அடிப்படைப் பண்பாக வைக்கிறது. ‘வெளியுறவுக்கு இடமுண்டு’ என்று உறுதியாகத் தீர்மானித்துவிட்டு ஒருவர் பீடத்தின் முன் நின்றால், விதி 1101-இன்படி அந்தத் திருமணமே செல்லாது என்று சபை நீதிமன்றத்தில் வாதிடலாம். அதே முடிவை மணமாகி ஐந்து வருடம் கழித்து எடுத்தால் திருமணம் செல்லும். வெளியுறவு விபச்சாரப் பாவம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

யூத மரபு வெளிப்படையாகவே ஒருதலைப்பட்சம். மணமான பெண் விரும்பி வேறொருவரோடு இருந்தால், பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின்படி (சோத்தா 5:1) அவள் கணவனுக்கும் விலக்கு, அந்த ஆணுக்கும் விலக்கு. ‘பரவாயில்லை’ என்று சொல்லக் கணவனுக்கு உரிமை கிடையாது.

‘நம் புராணத்தில் இல்லாததா’ என்பவர்கள் மகாபாரதத்தின் ஆதிபர்வத்தைக் காட்டுவார்கள். அங்கே பாண்டு குந்தியிடம் சொல்வது, ஒரு காலத்தில் பெண்கள் கட்டற்று இருந்தார்கள் என்பது. தன் தாயை இன்னொருவர் கைப்பிடித்து அழைத்துப் போனதைப் பார்த்துக் கொதித்த சுவேதகேது, ஒருவனுக்கு ஒருத்தி என்ற எல்லையை வகுத்தான் என்பதும்தான். பாண்டு கேட்பதும் நியோகம், அதாவது வாரிசுக்காக மட்டும் வேறோர் ஆண் மூலம் பிள்ளை பெறும் முறை. இதை ஓப்பன் மேரேஜுக்குச் சான்றாக இழுப்பது வம்படி.

பௌத்தத்தில் திருமணம் சடங்கல்ல, உலகியல் ஏற்பாடு. ஆனாலும் சிகாலோவாத சுத்தா என்ற புத்தரின் உபதேசம் கணவன், மனைவி இருவருக்குமே பிறழாமையைக் கடமையாக்குகிறது.

ஊர் விஷயம் வேறு. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கலந்துகொண்டவர்கள், ஒருவரோடு மட்டும் வாழ்பவர்கள் பற்களுக்கிடையே நூல்விட்டுச் சுத்தம் செய்வதில்கூட மேலானவர்கள் என்று மதிப்பிட்டார்கள்! மதநம்பிக்கை விட்டுப்போன இடத்திலும் இந்த மதிப்பீடு விடுவதில்லை. திட்டும் ஒரே மாதிரி விழாது: மனைவிக்கு ஒழுக்கம் கெட்டவள், கணவனுக்குக் கையாலாகாதவன்.

மதத்தின் பெயராலேயே இதை அனுமதித்தவர்களும் உண்டு. 1848-இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் நியூயார்க் மாநிலத்தில் நிறுவிய ஒனைடா சமூகத்தில், மறுமையில் மணமில்லை என்ற மத்தேயு 22:30-ஐ ஆதாரமாகக் காட்டி, எல்லாரும் எல்லாருக்கும் துணை என்று வைத்தார்கள். அங்கே கண்டிக்கப்பட்டது, ஒருவரையே பிடித்துத் தொங்குவது. சேர விரும்புபவர் நேரில் கேட்கக் கூடாது, மூன்றாம் நபர் மூலம்தான் கேட்க வேண்டும், மறுக்கலாம். யார் யாரோடு என்பதில் மூத்தவர்களின் கை ஓங்கியிருந்தது, இளையவர்கள் தனித் துணை கேட்டார்கள், வெளியே பாதிரிமார் எதிர்ப்பு வலுத்தது. 1879-இல் நாய்ஸே இதைக் கைவிடச் சொன்னார். உறுப்பினர்களில் பலர் வழக்கமான முறையில் திருமணம் செய்துகொண்டார்கள்.